மூன்றா, எட்டா?

நேற்று மத்தியானத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அடுக்களையில் டம்ளரைக்கூட அண்ணி ஓசை வராமல் கீழே வைத்தாள். சாப்பாட்டு மேஜையின் நடுவில் அவளுடைய செல்போன் கிடந்தது. அது அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

அவள் கணவன், வீட்டுக்குப் பெரியவன், நேற்றுக் காலை கிளம்பிப் போனவன். வெளித்தீவுகளுக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோகும் சின்ன விமானத்தை ஓட்டுவது அவன் வேலை. பாதி வழியில் புயல் மழை பிடித்துக்கொண்டது. "மேகம் ரொம்ப கனமா இருக்கு, வடக்குப் பக்கமா சுத்திப் போறேன்" என்று ரேடியோவில் சொன்னதுதான் அவன் கடைசியாகப் பேசியது. விடிந்ததும் படகுகள் வடக்கே தேடப் போயின. இதுவரை ஒரு தகவலும் இல்லை.

அவனுடைய தங்கை சுண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நடை பழகிய வயதில் அண்ணனின் சுண்டுவிரலைப் பிடித்தால் விடவே மாட்டாளாம். அவன் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. போட்டோ ஸ்டுடியோவில் படம் திருத்துகிறவள் அவள். கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளைக்குக் கண் திறந்து விடுவாள், பாஸ்போர்ட் படத்தில் அழுக்குச் சுவரை வெள்ளையாக்குவாள். இன்று லீவு சொல்லிவிட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அப்பா, பின்னால் நின்றபடி.

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா."

"சாயங்காலத்துக்குள்ள ஒட்டிடணும்."

ஏன் சாயங்காலத்துக்குள் என்று அவள் கேட்கவில்லை. தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். அலமாரி முழுக்க அவர் கையால் செய்த லாரி, கப்பல், விமானங்கள். இப்போது மேஜை மேல் இருந்தது பெரியவன் ஓட்டும் விமானத்தின் பொம்மை. முழங்கை நீளம். வெளிர்நீலப் பெயின்ட் காய்ந்து, இறக்கையெல்லாம் பூட்டி, வாலில் எண் மட்டும் இல்லாமல் நின்றது. எண்ணை ஒட்டிவிட்டால் மகன் வந்துவிடுவான் என்று அவருக்குள் எங்கோ ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கலைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

எண்ணுக்கான தாளைப் போன மாதம் பெரியவனே கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தான். விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு மாதிரி காட்டுவதற்காக எந்தக் காலத்திலோ அச்சடித்தது. டெக்கால் என்பார்கள். தண்ணீரில் ஊறப்போட்டால் எழுத்து மட்டும் தோல்போலக் கழன்று வரும், அதை நகர்த்திப் பொம்மை மேல் ஒட்டவேண்டும். ஆனால் இந்தத் தாள் பழசாகி விரிசல் விட்டிருந்தது. தண்ணீரில் போட்டால் தூள்தூளாகிவிடும். அதனால் ஸ்கேன் எடுத்து, பின்னணி நிறத்தை நீக்கி, எழுத்தை மட்டும் புதுத் தாளில் அச்சிட்டுத் தருவதாகச் சுண்டு ஒப்புக்கொண்டிருந்தாள்.

சொல்வது சுலபம். தாள் வெளிர்நீலம், எழுத்து வெள்ளை. ஸ்கேனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. மந்திரக்கோல் என்று ஒரு கருவி உண்டு. நீலத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் அதைப்போல் இருக்கும் நிறத்தையெல்லாம் தானே வளைத்துப் பிடிக்கும். எவ்வளவு தாராளமாகப் பிடிக்கவேண்டும் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் குறைந்தால் எழுத்தைச் சுற்றி நீல அழுக்கு தங்கும். கூடினால் எழுத்தையே கடித்துத் தின்றுவிடும். போன மாதம் வேலையைத் தொடங்கிய அன்று அப்படித்தான் ஆனது. கம்பெனியிடம் ஒரே மாதிரி இரண்டு விமானங்கள் இருந்தன, கடைசி இலக்கம் மட்டும் வேறு. ஒன்று மூன்று, இன்னொன்று எட்டு; தாளில் இரண்டுமே இருந்தன. பெரியவனுடையது எட்டு. சுண்டு எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போட்டதும் எட்டின் இடது பக்கம் காணாமல் போய், திரையில் அழகாக ஒரு மூன்று நின்றது.

"அடிப்பாவி, என் பிள்ளையோட வண்டியவே மாத்திட்டியே!" என்று அப்பா அன்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

செல்போன் அடித்தது.

மூன்று பேரும் ஒருசேரத் திரும்பினார்கள். அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்து எடுத்தாள். கம்பெனி மெக்கானிக். பெரியவனோடு ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதன்.

"அக்கா, பதறாதீங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தெற்குத் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போன படகுல, வலையோட ஒரு தகடு வந்திருக்கு. நம்ம விமானத்துப் பெயின்ட். வெள்ளையில ஒரு நம்பர் தெரியுது."

"என்ன நம்பர், தம்பி?"

"அதான் தெரியலக்கா. வலையிலேர்ந்து எடுக்கறப்போ அலை அடிச்சு, தகடு திரும்பத் தண்ணிக்குள்ள போயிடுச்சு. அதுக்கு முன்னாடி எடுத்த ஒரே ஒரு போட்டோதான் இருக்கு. பாதி நம்பரை வலை மறைச்சிருக்கு, மீதி ஈரப் பளபளப்புல வெளுத்துப் போயிருக்கு. இங்க ஒருத்தர் மூணுங்கறார், ஒருத்தர் எட்டுங்கறார்."

மூன்றாம் எண் விமானம் என்ன ஆனது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் தெற்குத் தீவுக் கரையில் சக்கரம் வெளிவராமல் வயிற்றால் இறங்கி உடைந்து, அங்கேயே கிடக்கிறது. தீவுக்காரர்கள் அதன் தகடுகளைக் கழற்றி வேலிக்கும் கூரைக்கும் வைத்துக்கொண்டார்கள். நேற்றைய புயலில் ஒரு தகடு பறந்து கடலில் விழுந்திருக்கலாம். அது மூன்று என்றால் பெரியவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எட்டு என்றால்...

போனில் இன்னொரு குரல் வந்தது. தேடுதல் அதிகாரி. நிதானமாகப் பேசுகிறவர், ஆனால் தூங்காதவரின் தொண்டை.

"போட்டோ திருத்தற பொண்ணு நீங்கதானா? மெக்கானிக் சொன்னார். உங்ககிட்ட அந்த எழுத்தோட அசல் மாதிரியே இருக்குதாமே?"

"ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன், சார்."

"உங்களைக் கேக்கவே கூச்சமா இருக்கும்மா. ஆனா நேரம் இல்ல. படகு எல்லாம் வடக்கே தேடுது. அது எட்டுன்னா எல்லாத்தையும் தெற்கே திருப்பணும். மூணுன்னா திருப்பக்கூடாது. தப்பான பக்கம் தேடினா இன்னிக்குப் பொழுது போச்சு. அதுக்கப்புறம் என்னன்னு நான் சொல்ல வேண்டாம்."

போட்டோ வந்து விழுந்தது.

சுண்டு அதைப் பெரிய திரையில் திறந்தாள். நீலத் தார்ப்பாய். அதன் மேல் வளைந்த ஒரு வெளிர்நீலத் தகடு. மூலையில் யாருடைய கால் கட்டைவிரலோ. தகட்டின் நடுவில் வெள்ளையாக ஒரு வளைவு, அரை நிலவைப்போல. வலது பக்கம் தெளிவாக இருந்தது. இடது பக்கம் ஈரத்தில் வானம் பளபளத்து ஒரே வெளிச்சம். கீழ்ப்பாதியை வலை மூடியிருந்தது.

"மூணுதான்," என்றார் அப்பா உடனே. "பாரு, வாய் திறந்திருக்கு. மூணு!"

"இருங்கப்பா."

அவள் மந்திரக்கோலை எடுத்து நீலத்தைத் தொட்டாள். எண் குறைவாக இருந்தது. வெளிச்சத் திட்டுகள் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு நின்றன. இலக்கம் ஒரு மாவுருண்டைபோல் இருந்தது. எண்ணைக் கூட்டினாள். திட்டுகள் குறைந்தன. இன்னும் கூட்டினாள். இடது பக்கம் முழுதாக உதிர்ந்து போயிற்று.

திரையில் மூன்று நின்றது. குழந்தைப் புத்தகத்தில் அச்சடித்த மாதிரி, சுத்தமான மூன்று.

"கடவுளே!" அப்பா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "போனைப் போடு, சொல்லு அவர்கிட்ட. மூணு. நம்ம வண்டி இல்ல. பழைய வண்டி. சொல்லும்மா!"

சுண்டு போனைத் தொடவில்லை. அவளுக்கும் ஆசைதான். அந்த மூன்றைப் பார்த்ததும் நேற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு பாதி வெளியே வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்றைச் செய்தவள் அவள்தான். அந்த எண்ணை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது அவள் விரல். இன்னும் கொஞ்சம் கூட்டினால் அது ஒன்றாகக்கூட மாறும்.

"இது நானா வரவழைச்சதுப்பா," என்றாள் மெல்ல. "கருவி தின்னுட்டது எழுத்தா, வெளிச்சமான்னு எனக்குத் தெரியல."

"உனக்கு எதுக்கும்மா அந்த ஆராய்ச்சி? கண்ணுக்கு முன்னாடி மூணு நிக்குது!" என்றார் அப்பா. "எட்டுன்னு சொல்லணும்னு வேண்டுதலா உனக்கு? உன் வாயால சொல்லப் போறியா, உங்க அண்ணன் கடல்ல..."

முடிக்கவில்லை. சொல்லிவிட்டால் நடந்துவிடும் என்பதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

இவ்வளவு நேரமும் சுவரோரமாக நின்ற அண்ணி முன்னால் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அழுது வீங்கிய முகத்திலும் பார்வை மட்டும் நேராக இருந்தது.

"சுண்டு, நிஜமா என்ன இருக்குன்னு பாக்க வழி இருக்கா?"

"இருக்கலாம், அண்ணி. ஆனா..."

"பயமா இருக்கா?"

"ரொம்ப."

"எனக்கும்தான். பரவாயில்ல, பாரு." அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, எனக்கு ஆறுதல் வேண்டாம். அவர் வேணும். தப்பான பக்கம் தேடிட்டு, நாளைக்கு நாம மூணு மூணுன்னு சொல்லிக்கிட்டிருந்தா அவர் வந்துடுவாரா?"

அப்பா பொம்மை விமானத்தின் பக்கம் போய் நின்றுகொண்டார், முதுகைக் காட்டியபடி.

சுண்டு மந்திரக்கோலை மூடிவிட்டு யோசித்தாள். எந்தப் படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காகத்தான் சேமிக்கப்படுகிறது. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். நீல அடுக்கில் வெள்ளையும் வெளிர்நீலமும் ஒரே வெளிச்சமாகத் தெரியும். குழப்பமே அங்கேதான். ஆனால் சிவப்பு அடுக்கில் நீலத்துக்கு வேலை இல்லை. தார்ப்பாய், பெயின்ட், ஈரத்தில் விழுந்த வானத்தின் பளபளப்பு எல்லாமே அங்கே இருண்டுவிடும். உண்மையான வெள்ளை மட்டும் வெள்ளையாக நிற்கும்.

நீல அடுக்கை அணைத்தாள். பச்சையை அணைத்தாள்.

படம் கறுத்தது. கடல் ஒரு நொடியில் இரவாகிவிட்ட மாதிரி இருந்தது. கறுப்புக்கு நடுவில் வளைவு மட்டும் மிதந்தது. வலது பக்கம் பளிச்சென்று. இடது பக்கம்...

சுண்டு பெரிதாக்கினாள். பெரிதாக்க ஆக்கப் படம் குதித்தது. அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியின் கையும் சில்லிட்டுத்தான் இருந்தது.

இடது பக்கத்தில் வெள்ளை இருந்தது. மங்கலாக, ஆனால் விட்டுப்போகாமல், மேலிருந்து வளைந்து இறங்கி இடுப்பில் வந்து சேர்ந்தது.

அது போதாது என்று டெக்கால் ஸ்கேனிலிருந்து மூன்றை எடுத்து, தகட்டின் வளைவுக்கு ஏற்றபடி சாய்த்து, மேலே வைத்துப் பார்த்தாள். இடது பக்கத்து வெள்ளை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மூன்றை எடுத்துவிட்டு எட்டை வைத்தாள். மூடி போட்டமாதிரி உட்கார்ந்தது.

அண்ணியின் பிடி இறுகியது, வலிக்கும் அளவுக்கு.

"சொல்லு," என்றாள் அண்ணி.

சுண்டு போனை எடுத்தாள்.

"சார்... எட்டு."



"நிச்சயமாவா?"

"நிச்சயம், சார். மூணா இருக்கணும்னுதான் பார்த்தேன். இல்ல."

"சரிம்மா. எல்லாப் படகையும் தெற்கே திருப்பறேன். ஹெலிகாப்டரையும் அனுப்பறேன். பெரிய உதவி. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல."

போனை வைத்ததும் சுண்டு மேஜை மேல் தலையைக் கவிழ்த்தாள். தன் கையாலேயே அண்ணனைக் கடலில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை. குளிர்தான் வந்தது. வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் பல் கிட்டியது. அண்ணி போய் ஒரு போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டாள். அப்பா திரும்பியே பார்க்கவில்லை. பொம்மை விமானத்தைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

மெக்கானிக் வந்து சேர்ந்தபோது மூவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். சட்டையெல்லாம் கிரீஸ் கறை, அப்படியே ஓடிவந்திருந்தான். வீட்டாரைத் தனியாக விடக்கூடாது என்று அதிகாரி அனுப்பினாராம். என்ன பேசுவது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் பக்கம் போனான். கறுத்த படம் இன்னும் திரையிலேயே இருந்தது.

"இதுதானா நீ பார்த்தது?"

சுண்டு தலையாட்டினாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனான்.

"இந்த ஓரத்தைப் பெருசாக்கு. இல்ல, கீழ. ஆங்... இதென்ன கறுப்புப் புள்ளி?"

"தெரியலண்ணா. அசல் படத்துல வெளிச்சத்துல மறைஞ்சிருந்தது."

"ஓட்டை. ஸ்க்ரூ ஓட்டை." அவன் குரல் மாறிவிட்டது. "இது வால்கிட்ட கைவிட்டுப் பார்க்கற மூடி. போன வாரம் நான்தான் முடுக்கினேன். இங்க பாரு, ஒவ்வொரு ஓட்டையும் வட்டமா, முழுசா இருக்கு. ஒண்ணுகூடக் கிழியல."

"அதனால என்ன, தம்பி?" என்றாள் அண்ணி.

"அக்கா, விழுந்து நொறுங்கியிருந்தா தகடு ஸ்க்ரூவோட பிய்ஞ்சு வரும். ஓட்டையெல்லாம் இழுபட்டுக் கந்தலா இருக்கும். இது பிய்ஞ்சது இல்ல." அவன் எழுந்து நின்றுவிட்டான். "கழட்டினது. யாரோ ஸ்க்ரூடிரைவர் வச்சுப் பொறுமையாக் கழட்டியிருக்காங்க."

அப்பா அலமாரிப் பக்கத்திலிருந்து மெல்ல நடந்து வந்தார்.

"தீவுக்காரங்க..." என்று இழுத்தார்.

"தீவுக்காரங்க கழட்டினது மூணை, மாமா! இது மூணா இருந்திருந்தா நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். இது எட்டு. எட்டாம் நம்பர் நேத்துக் காலைல என் முன்னாடிதான் முழுசாக் கிளம்பிப் போச்சு. அப்போ காத்து தெற்கே தள்ளி, எங்கயோ இறங்கியிருக்கான். இறங்கி, உயிரோட நின்னு, வாலைத் திறந்திருக்கான்."

"எதுக்கு?" அண்ணியின் உதடு மட்டும் அசைந்தது.

"உள்பக்கம் பெயின்ட் கிடையாது. கண்ணாடி மாதிரி மின்னும். வெயில்ல காட்டினா மேல போறவங்க கண்ணுல அடிக்கும். அலை அதைப் பிடுங்கிக்கிட்டுப் போயிருக்கும்." அதற்குள் போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

அப்பா மகள் பக்கத்தில் வந்து நின்றார். நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து அவள் தோளில் சரியாகப் போட்டுவிட்டார். சுண்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அதற்கப்புறம் காத்திருந்த நேரம்தான் கொடுமை. முன்னால் வெறும் பயம் இருந்தது, இப்போது நம்பிக்கையும் சேர்ந்துகொண்டு பயத்தை இரண்டு மடங்காக்கிவிட்டது. அண்ணி டீ போட்டாள். நாலு கோப்பையும் மேஜையிலேயே ஆறிப்போயின. கடலில் அலை இறங்கவில்லை, அலை இறங்காமல் மணல் திட்டுகள் தெரியாது என்று மெக்கானிக் ஒரு தடவை சொன்னான். பிறகு சொன்னதற்காக வருத்தப்பட்டவன்போல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

வெயில் சரியத் தொடங்கியபோது அவன் போன் அடித்தது. சரி சார், சரி சார் என்று மட்டும் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்து யாராலும் எதையும் படிக்க முடியவில்லை.

"விமானம் கிடைச்சிடுச்சு," என்றான் உள்ளே வந்து. "தெற்கே, ஆள் இல்லாத ஒரு மணல் தீவுல இறங்கி நிக்குது. முன்சக்கரம் மட்டும் முறிஞ்சிருக்கு. மத்தபடி முழுசா இருக்கு."

"அவர்?" என்றாள் அண்ணி.

"விமானத்துல யாரும் இல்லக்கா. மருந்துப் பெட்டி பாதி இல்ல. ஹெலிகாப்டர்லேர்ந்து இறங்கித் தேடிக்கிட்டிருக்காங்க. மணல்ல கால் தடம் இருக்கு."

"நடந்திருக்கான்!" அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டார். "நடந்திருக்கான்ல? நல்லா இருக்கான்னுதானே அர்த்தம்?"

மெக்கானிக் உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு பேரோட தடம், மாமா. நேத்து அவன் தனியாத்தான் ஏறினான், நான்தான் கதவைச் சாத்தினேன். ஆனா விமானத்துலேர்ந்து ரெண்டு பேர் இறங்கி நடந்திருக்காங்க. வழியில எங்கயோ யாரையோ ஏத்தியிருக்கணும். கொஞ்ச தூரம் பக்கத்துல பக்கத்துல போகுது. அப்புறம் ஒருத்தர் தடம் நின்னுடுது. மத்த தடம் மட்டும், ரொம்ப ஆழமா, தண்ணி வரைக்கும் போகுதாம்."

சுண்டுவுக்கு முதலில் புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அவள் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டு, கணக்குக் கேட்பவள்போல் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, தூக்கிட்டுப் போனது அவரா? இல்ல, தூக்கிட்டுப் போனதே அவரையா?"